செட்டிநாட்டில் பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய சாமான் தேடி வருகிறவர்கள் தூண், கதவு, பெட்டகம், மங்குச் சாமான் என்றுதான் முதலில் கேட்பார்கள். விளையாட்டுச் சாமான் கடையின் மூலையில், தூசிக் கூடைக்குள் கிடக்கும். அந்தக் கூடையைக் கிளற நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம்.

இந்தப் பக்கத்தில் என்னென்ன கிடைக்கும்? எதிலிருந்து தொடங்கலாம்?

மூன்று வகை. முதலாவது நம் ஊர்ச் சாமான்: பித்தளை, மர, மாக்கல் சொப்புகள், பல்லாங்குழி, தாயக்கட்டை, மரப்பாச்சி, நடைவண்டி, கிலுகிலுப்பை. இரண்டாவது கப்பலில் வந்தது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த ஜெர்மன், ஜப்பான் தகரப் பொம்மைகள், செலுலாய்டு பொம்மைகள், பர்மா காகிதக்கூழ் பொம்மைகள். மூன்றாவது 1960 முதல் 1980கள் வரை இந்தியாவிலேயே செய்த சாவி கார், பிளாஸ்டிக் பொம்மை, கண்ணில் வைத்து வட்டுப் படம் பார்க்கும் வியூ மாஸ்டர்.

தொடங்குகிறவர்களுக்கு முதல் வகையே நல்லது. விலை கைக்கு அடக்கம், போலி குறைவு, கெட்டுப்போவதும் குறைவு. கப்பல் சாமானில் ஆசை வைப்பதற்கு முன் தகரமும் செலுலாய்டும் எப்படிக் கெடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் வாங்கினால் காசும் போகும், பொம்மையும் போகும்.

சின்ன வயசில் வைத்திருந்த பொம்மையையே தேடுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவையும் நிறத்தையும் நம்பாதீர்கள். ஐந்து வயதுக் கைக்கு முழநீளமாக இருந்த கார், இப்போது உள்ளங்கையில் அடங்கிவிடும். நீலம் என்று சத்தியம் செய்தவர்கள் பச்சையைப் பார்த்ததும் "இதேதான்" என்பதும் உண்டு. ஆனால் சத்தமும் இயக்கமும் அவ்வளவாக மறப்பதில்லை. சாவி எந்தப் பக்கம் இருந்தது, ஓடும்போது கடகடவென்றதா கிறீச்சென்றதா, தீப்பொறி பறந்ததா, சுவரில் முட்டினால் தானாகத் திரும்பியதா, எதைத் திருகினால் எது ஆடியது: இவற்றை எழுதி வையுங்கள். கடைக்காரரிடம் "சின்னதா ஒரு கார்" என்றால் ஒன்றும் வராது. "பின்சக்கரத்துக்கு மேலே சாவி, மேஜை விளிம்புக்கு வந்தால் திரும்பிக்கொள்ளும்" என்றால் அவருக்கே ஆள் நினைவுக்கு வரும்.

வீட்டுப் பழைய போட்டோக்களையும் பாருங்கள். பிறந்தநாள் படத்திலும், பட்டாலையில் (கூடத்தில்) உட்கார வைத்து எடுத்த படத்திலும் பிள்ளையின் கையில் ஏதாவது இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சக்கரத்தின் எண்ணிக்கையாவது தேறும்.

கிடைத்த பிறகு சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அது பொம்மையின் குற்றமில்லை. கூட விளையாடிய ஆள் அதோடு வருவதில்லை.

எங்கே தேடுவது?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு. வரிசையாகப் பழம்பொருள் கடைகள். காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில் தெருவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது முக்கியம். கடைக்குள் மஞ்சள் பல்பின் கீழ் எல்லாப் பித்தளையும் பழசாகத்தான் தெரியும்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அளவு நாடா, வெள்ளைப் பஞ்சு. காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் போட்ட இரும்பு. புற ஊதா வெளிச்சத்தில் புதிய பசைகள் பலவும் பளிச்சென்று ஒளிரும்; ஒட்டுப்போட்ட கையும் கழுத்தும் அங்கே மாட்டிக்கொள்ளும். மாக்கல் சொப்புக்கு இது ரொம்பவே உதவும், ஏனென்றால் உடைந்த மாக்கல்லை அதே கல்லின் பொடியால் பூசி மறைத்துவிட்டால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது.

பழைய வீடுகளில் நேரடியாக வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதலில் பங்கு விஷயத்தைக் கேளுங்கள். பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒருவர் கையில் சாவி இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் அவருடையது ஆகாது. பூட்டிய தனி அறைச் சாமான் என்றால் அந்த அறைக்கு உரியவரின் சம்மதம் போதும். பொதுவான இடத்தில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் மற்றப் பங்காளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரி எழுத்து, தேதி, கையெழுத்து, சாமானின் படம்: இவை இல்லாமல் வாங்காதீர்கள். காவல்காரர் ரகசியமாகக் காட்டும் சாமானைத் தொடவே வேண்டாம்.

வாங்கும்போதே கேட்டு எழுத வேண்டியது இன்னொன்று: எந்த ஊர், எந்த வீடு, யார் பிள்ளைக்கு யார் வாங்கியது, எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது. ஆச்சியிடம் உட்கார்ந்து அரைமணி பேசினால் கிடைக்கும் விவரம் கடைக்கு வந்த பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது. பளபளப்பைவிட அந்த அரைமணிதான் சேகரிப்புக்கு மதிப்பு சேர்க்கிறது என்பது எங்கள் கருத்து.

எந்தக் காலத்துச் சாமான் என்று எப்படிச் சொல்வது?

கடைக்காரர் சொல்லும் "நூறு வருஷம்" ஒரு மரியாதைச் சொல் மாதிரி. எழுத்தைப் பாருங்கள்.

பித்தளைச் சொப்பில் குடும்பத்தின் முதலெழுத்துகள் வெட்டியிருந்தால் முதலில் அதன் எழுத்துமுறை. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் லை, ணை, னை ஆகியவை தும்பிக்கை போட்டும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் எழுதப்பட்டன. பழைய வடிவம் இருந்தாலே 1978-க்கு முந்தையது என்று முடிவுகட்ட முடியாது. வயதான பாத்திரக் கடைக்காரர் பழக்கத்தில் வெட்டியிருக்கலாம். ஆனால் "1920-ஆம் ஆண்டுச் சீர்" என்று சொல்லும் சொப்பில் இப்போதைய 'லை' இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உளியால் கையில் வெட்டிய எழுத்தில் புள்ளிகள் ஆழம் மாறி மாறி வரும். மெஷினில் வெட்டியது ஒரே ஆழமாக, நடுங்கிய கோடாக இருக்கும்.

இந்தியப் பெட்டிகளுக்கு:

- விலை அணாவில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அல்லது அதை ஒட்டிய ஓரிரு வருடம். நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை.
- ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.
- முகவரியில் மும்பை இருந்தால் 1995-க்கும், சென்னை என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்கும், கொல்கத்தா இருந்தால் 2001-க்கும் பிந்தையது.
- பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரியில். "பழைய ஸ்டாக்" என்று விற்கும் தகரப் பொம்மைப் பெட்டியில் அது இருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சாமானில் "நிப்பான்" (ஜப்பானின் இன்னொரு பெயர்) என்ற ஆங்கில எழுத்து பெரும்பாலும் 1921-க்கு முன். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்றிருந்தால் போருக்குப் பிறகு, 1952 ஏப்ரலுக்குள். "மேற்கு ஜெர்மனி" 1949 முதல் 1990 வரை. "எம்பயர் மேட்" என்பது பெரும்பாலும் ஹாங்காங் பிளாஸ்டிக். இந்த முத்திரைச் சட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு அனுப்பிய சரக்கை வைத்து வந்தவை. ரங்கூன் கடைக்கு இறங்கிய பொம்மையில் முத்திரையே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே முத்திரை இல்லாதது போலி என்று பொருள் இல்லை. வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்: ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச்சில். "1943-ல் ரங்கூனிலிருந்து தாத்தா வாங்கி அனுப்பியது" என்றால் கதையில் எங்கோ ஓட்டை.

நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில்தான் வந்தது. அதற்கு முந்தைய பொம்மை என்றால் ஒற்றைக் கோட்டுத் திருகாணி இருக்க வேண்டும்.

பித்தளைச் சொப்பு: பழசா, பழசாக்கியதா?

கவிழ்த்துப் பாருங்கள். தரையில் இழுத்து விளையாடிய சொப்புக்கு அடிவிளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், பிடி உட்புறம் வழுவழுப்பாக இருக்கும், மூடி சரியாகப் பொருந்தாது. ரசாயனத்தில் முக்கிப் பழசாக்கியது எல்லாப் பள்ளத்திலும் ஒரே கறுப்பு. நகத்தால் சுரண்டினால் வரும். உள்ளே ஒரே இடைவெளியில் வட்டக் கோடுகள் ஓடினால் மெஷினில் இழைத்த புதுச்சரக்கு.

முழுச் செட்டு என்று தருவார்கள். அடுப்பு, பானை, கரண்டி, குடம், அண்டா, இட்லிக் கொப்பரை, உரல், அம்மி, முறுக்கு உழக்கு எல்லாம் ஒரே நிறத்திலும் ஒரே கனத்திலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் இருந்த செட்டு எப்போதும் கலப்படம். திருவிழாவில் ஒன்று, சீரில் ஒன்று, அத்தை கொடுத்தது ஒன்று என்றுதான் சேர்ந்திருக்கும்.

அதைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. புளியும் எலுமிச்சையும் அமிலம். மேல்தோலை எடுப்பதோடு பித்தளையிலுள்ள துத்தநாகத்தையும் அரிக்கும். சில இடங்கள் செம்பு நிறமாகத் திட்டுத்திட்டாக நிற்பது அதனால்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, மெல்லிய பல்துலக்கும் பிரஷ், உடனே பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் முழுக்க உலர்த்தல். போதும். பச்சைக் களிம்பை மூங்கில் குச்சி முனையால் மெதுவாகக் கிளறி எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் இருக்கிறது; எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து மறுபடி பச்சையைத்தான் வளர்க்கும். பூச வேண்டுமென்றால் மியூசியங்களில் உலோகத்துக்குப் பூசும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, துளி.

உட்புறம் ஈயம் பூசியிருந்தால் அதைச் சுரண்டவே கூடாது. மறுபடி ஈயம் பூசக் கொடுக்கவும் வேண்டாம்.

மரச் சொப்பும் மரப்பாச்சியும்?

அம்பாசமுத்திரம் பக்கத்து அரக்கு வண்ணச் சொப்புதான் இங்கே அதிகம் வரும். கடைசலில் சுற்றும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அதனாலேயே அதற்குச் சூடும் ஸ்பிரிட்டும் ஆகாது. சானிடைசர் போட்ட கையோடு எடுத்தால் விரல் ரேகை பதிந்துவிடும். கார் டேஷ்போர்டில் வெயிலில் விட்டால் இரண்டு சொப்பு ஒட்டிக்கொள்ளும். துடைக்க உலர்ந்த மெல்லிய துணி மட்டும்.

மரப்பாச்சி செம்மரம் என்று சொல்லி விலை வைப்பார்கள். செம்மரம் நல்ல கனம், தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். ஆனால் பழைய பொம்மையை முக்கிப் பார்க்காதீர்கள், வெடிப்பு விழும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அடிப்பாதத்தில் மெதுவாகத் தொடுங்கள். செம்மரத்தின் சிவப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது. பஞ்சு சட்டென்று சிவந்தால் சாயம் ஏற்றிய வேறு மரம். ஆண், பெண் இரண்டும் ஒரே கைவேலையா என்று முகத்தையும் பாருங்கள். ஜோடி பிரிந்த பொம்மைகளைச் சேர்த்து விற்பது சகஜம்.

பல்லாங்குழி, தாயக்கட்டை வாங்கும்போது கவனிக்க வேண்டியது?

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழி. குழிக்கு ஐந்து முத்து வைத்தால் 70 வேண்டும். கடையில் கிடைப்பது எப்போதும் குறையும். மடிக்கும் பலகையில் கீல்தான் பலவீனம். இரும்புக் கீல் துருப்பிடித்து மரத்தைக் கறுக்க வைத்திருந்தால் அது பழசுக்கு நல்ல சாட்சி, மாற்றாதீர்கள். புளியங்கொட்டை முத்தோடு வாங்கினால் வண்டு வரும். கொட்டைகளைத் தனி டப்பாவில் வையுங்கள். குன்றிமணி போட்டு வைத்திருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். விதை உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

தாயக்கட்டையின் நாலு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டு கட்டையும் ஒரே நீளமா, புள்ளி ஒரே வட்டமா என்று ஒட்டி வைத்துப் பாருங்கள். ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் நன்றாக ஆடிய கட்டை, அதுதான் வேண்டும்.

வெள்ளைத் தாயக்கட்டை காட்டினால் நிதானியுங்கள். குறுக்குமுனையில் வலைபோல ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கீறல்களும் தெரிந்தால் எலும்பு. தந்தத்தை வாங்குவதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். "தாத்தா காலத்தது" என்பது அதற்கு விதிவிலக்கு ஆகாது.

தகரச் சாவி பொம்மை ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்காது. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். வரிசையாகச் செய்யுங்கள்.

1. பிரிக்காதீர்கள். தகடுகளைக் கோத்திருக்கும் நாக்குகள் ஒன்றிரண்டு முறைதான் வளையும், பிறகு ஒடிந்துவிடும்.
2. சக்கர அச்சில் முடி, நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.
3. தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, பல்சக்கரத்தின் அச்சுகள் தகட்டில் நுழையும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு துளி. பற்களில் ஊற்றினால் தூசிதான் சேரும்.
4. ஒரு நாள் வைத்துவிட்டு, சாவியை அரைச்சுற்று மட்டும் கொடுத்து, சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் தள்ளுங்கள்.
5. ஓடத் தொடங்கினால், சாவி முழுக்க முறுக்கேறும் அளவில் பாதி வரை மட்டும் கொடுங்கள். வைக்கும்போது ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும்.

சாவி சுற்றச் சுற்றப் பிடிப்பே இல்லாமல் வழுக்கினால் ஸ்பிரிங்கின் கொக்கி முனை கழன்றிருக்கிறது. அதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், பூட்டுக்கடையில் அல்ல. படம் அச்சிட்ட தகட்டில் மண்ணெண்ணெய், தின்னர், துருநீக்கி ஸ்பிரே எதுவும் வேண்டாம். துருவின் மேல் மட்டும் பஞ்சுக்குச்சியால் எண்ணெய் ஒற்றி எடுங்கள்.

மெழுகுவர்த்தி வைத்தால் 'டுப் டுப்' என்று ஓடும் தகரப் படகு?

குன்றக்குடி தைப்பூசம், கொப்புடையம்மன் திருவிழா மாதிரிக் கூட்டங்களில் பார்த்தவர்கள் நிறையப் பேர் தேடும் சாமான் இது. இதன் அடிப்படைக் காப்புரிமை 1891-ல் வாங்கப்பட்டது. பொம்மை இன்னும் புதிதாகவும் விற்கிறது. ஆகவே வயதுக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். பழசு புதுசு பிரிக்க பெயின்ட்டையும் ஈயப் பற்றையும் பாருங்கள்.

உள்ளே மெல்லிய செம்புத் தகடு வைத்த சின்னக் கொதிகலன், அதிலிருந்து பின்னால் நீளும் இரண்டு குழாய். தண்ணீர் ஆவியாகி நீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப உள்ளே இழுபடும். தகடு உள்ளும் வெளியுமாகத் துள்ளுவதுதான் அந்தச் சத்தம்.

படகைச் சாய்த்து, ஒரு குழாயில் சொட்டு மருந்து விடும் ஃபில்லரால் தண்ணீர் விடுங்கள். மற்றக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை. இரண்டு வாயையும் விரலால் அடைத்தபடி தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய பிறகே விரலை எடுங்கள். பிறகு திரி. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது குழாயில் உப்பு படிந்திருக்கிறது. போர்வெல் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது நிச்சயம். காய்ச்சி வடித்த நீரை விடுங்கள். தண்ணீர் இல்லாமல் பற்றவைத்தால் ஈயப் பற்று உருகிவிடும். அதோடு படகின் கதை முடிந்தது.

செலுலாய்டு பொம்மை ஆபத்தா?

ஆபத்துதான். செலுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். அடையாளம்: தூக்கினால் காற்றுபோல லேசு, மெல்லிய இணைப்புக் கோடு, கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை. சூடான ஊசி குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஆமை முத்திரை இருந்தால் ஜெர்மனியின் ஷில்ட்குரோட் கம்பெனி. இங்கே அதிகம் கிடைப்பது ஜப்பான் சரக்கு.

கொலுப்படியில் வைக்கும் ஆசை பலருக்கு. பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிறது என்பதை மறந்துவிடுவார்கள். இறுகிய டப்பாவிலும் வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி வெளியேற வழியில்லாமல் பொம்மையையே தின்னும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அமிலமில்லாத தாள், வீட்டிலேயே குளிர்ச்சியான அறை. பழுப்பேறி, வியர்த்து, மூக்கை அரிக்கும் வாடை வந்தால் மற்றச் சாமானிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பக்கத்துத் தகரமும் துருப்பிடிக்கும். விமானக் கூரியரில் அனுப்பக் கூடாது.

ரப்பர் பொம்மை பிசுபிசுக்கிறது. இரும்புக் கார் பொடிப்பொடியாக உதிர்கிறது. வியூ மாஸ்டர் படம் சிவந்துவிட்டது.

ரப்பர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மென்மையான பிளாஸ்டிக். பிசுபிசுப்பு, அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே வருவது. சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்தலாம், திரும்ப வரும். பாலிதீன் பையில் சுற்றினால் சீக்கிரம் வரும். மற்றப் பிளாஸ்டிக்கைத் தொடாமல் வையுங்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டும்.

உதிரும் கார் துத்தநாக வார்ப்பு. வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால் உள்ளுக்குள் வெடித்து வீங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்களில் சாதாரணம். மருந்து கிடையாது. அடியில் வருடம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் காப்புரிமை அல்லது அச்சு செய்த வருடம், கார் செய்த வருடம் அல்ல.

வியூ மாஸ்டர் வட்டில் ஏழு காட்சிக்கு 14 படம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது எல்லாம் செம்பருத்தி நிறமாகத் தெரிந்தால் நிறம் மங்கிய பிலிம், அது திரும்பாது. பழைய கோடாக்ரோம் பிலிம் வட்டுகள் நீலமும் பச்சையும் இன்றும் அப்படியே நிற்கும்.

தலையாட்டிப் பொம்மை நிமிராமல் சாய்ந்தே நிற்கிறது.

அடியில் உள்ள களிமண் எடை விலகியிருக்கும், அல்லது ஒரு பக்கம் உதிர்ந்திருக்கும். மெதுவாக ஆட்டிக் கேட்டால் உள்ளே உருளும் சத்தம் வரும். தஞ்சாவூர்ப் பொம்மை செய்பவர்களிடம் அடிப்பகுதியை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். வண்ணத்தைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பளபளக்கும் புதுப் பெயின்ட்டோடு திரும்பி வரும். பர்மாவின் காகிதக்கூழ் பொம்மையும் தள்ளினால் இப்படியே எழுந்து நிற்கும். முக அமைப்பும் தங்கக் கோடுகளும் வேறு. இரண்டையும் கலந்து சொல்லும் கடைகள் உண்டு.

செட்டிநாட்டு வெயிலிலும் ஐப்பசி மழையிலும் எப்படிப் பாதுகாப்பது?

வெயில் வளவுக்குள் (நடு முற்றத்துக்குள்) விழும் இடத்தில் கண்ணாடி அலமாரி வேண்டாம். மேல்மாடியும் வேண்டாம், சூடு அங்கேதான் நிற்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், வெளிச்சுவரை ஒட்டாத அறை நல்லது. சுவருக்கும் அலமாரிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டால் கறையான் ஏறுவது கண்ணில் படும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம்தான் எதிரி. பத்து மணிக்குமேல் வெயில் வந்தால் கதவைத் திறந்து, மாலையில் மூடுங்கள். அலமாரிக்குள் ஒரு ஈரப்பதமானி. 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடுகாட்டி உலர்த்தாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஈயப் போர்வீரர் பொம்மை இருந்தால் புதிய மர, எம்.டி.எஃப். அலமாரியில் அடைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகும். இரும்பு பீரோவே மேல்.

பாச்சை உருண்டை பிளாஸ்டிக்கை இளக்கும், அலமாரிக்குள் போடாதீர்கள். வசம்பு, உலர்ந்த வேப்பிலை துணிப்பையில் வைக்கலாம், ஆனால் அது பூச்சியைத் தள்ளி வைக்குமே தவிரக் கொல்லாது. மரத்தில் ஓட்டையும் அடியில் மாவுபோன்ற பொடியும் கண்டால், வண்ணம் பூசாத மரமாக இருந்தால் மட்டும், பாலிதீனில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் வெளியில் விட்டு, பிறகு பிரியுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் மேலே நீர் கோத்துவிடும்.

பெயின்ட் அடித்துப் புதுசாக்கினால் விலை கூடுமா?

குறையும். சக்கரம் இல்லாத நடைவண்டிக்குச் சக்கரம் போடலாம். எது புதிது என்று அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

நியாயமான விலை எது?

ஒரே பட்டியல் விலை கிடையாது. தகரப் பொம்மைக்குப் பெட்டியும் சொந்தச் சாவியும் இருந்தால் தனி விலை. அச்சுப் படத்தில் கீறல் இருப்பதைவிடத் துரு மோசம். துருவைவிட மறுபூச்சு மோசம். பித்தளைச் சொப்பை எடைக்குக் கொடுப்பாரா, உருப்படிக்குக் கொடுப்பாரா என்று முதலில் கேளுங்கள். எடைக்கு என்றால் அவருக்கு அது பாத்திரம். அங்கேதான் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும். பேரம் பேசலாம், ஆனால் குறை சொல்லிப் பேசாதீர்கள். அடுத்தமுறை நல்ல கூடை உள்ளே போய்விடும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?

நூறு வருடம் ஆன பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. வயது குறைவு என்றாலும் பார்க்கப் பழசாகத் தெரியும் உருவப் பொம்மைகளுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' சான்றிதழ் வாங்கிவைத்தால் விமான நிலையத்தில் தொல்லை இராது. செம்மர மரப்பாச்சியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். செம்மர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உண்டு.

பேரப்பிள்ளை கையில் கொடுக்கலாமா?

பல்லாங்குழி, பெரிய பித்தளைச் சொப்பு, பம்பரம், வண்ணம் பூசாத நடைவண்டி: தாராளமாக. பித்தளைச் சொப்பில் சாப்பிடும் பண்டம் மட்டும் வேண்டாம். பழைய பெயின்ட் அடித்த எதிலும் ஈயம் இருக்கலாம்; வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கூடவே கூடாது, பெரியவர்களும் தொட்டபின் கை கழுவுங்கள். தகரத்தின் விளிம்பு வெட்டும், செலுலாய்டு கொடுக்கவே கூடாது. கண்ணாடிக் கோலியை மூன்று வயதுக்குக் கீழ் எட்டாமல் வையுங்கள்; அடியில் சின்னத் தழும்பு இருக்கும் கோலி கையால் செய்த பழைய ஜெர்மன் கோலியாக இருக்கலாம், அதைத் தெருவில் ஆட விடாமல் எடுத்து வைத்துவிட்டு வேறு கோலியைக் கொடுங்கள்.